பொதுவில் வைத்த பதில்

நெருங்கி உட்காருங்கள். சிரிக்கிறவன் இப்போதே சிரித்துக்கொள்ளட்டும். இது... இதோ, இவனுடைய அத்தானுக்கு நடந்தது.

சாயங்காலம் ஏழு மணி. மழை அப்போதுதான் விட்டிருந்தது. கிடங்குகளுக்கு நடுவே போகும் சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை... அத்தான் தனியாக அலுவலகத்துக்குப் போனார். அங்கே எல்லாருடைய மின்னஞ்சலும் ஓடும் யூனிக்ஸ் மெஷின், அந்தப் பெரிய கம்ப்யூட்டர், அவர் பொறுப்பு.

போன காரணம், அவர் தங்கை. அதே அலுவலகத்தில் வேலை பார்த்தவள். அம்மா வீட்டுக்குத் திரும்பும் வழியில் வெள்ளத்தில் போய்விட்டாள். உயிரோடு இருந்தபோது அம்மாவின் நச்சரிப்புக்காக, யார் எழுதினாலும் தானாகவே போகிற மாதிரி ஒரு பதில் வைத்திருந்தாள்: "வந்துகிட்டே இருக்கேன். கதவத் தாழ் போடாதீங்க."

அதை யாரும் நீக்கவில்லை. பெற்ற மனம் பித்து... அம்மா தினமும் அவளுக்கு எழுதுவாள். தினமும் பதில் வரும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அத்தானுக்குத் தாங்கவில்லை. நிறுத்தத்தான் போனார். ஆனால் அழிக்கக் கை வரவில்லை. தங்கை எழுதியதாயிற்றே! பத்திரமாக இருக்கட்டும் என்று, அந்தப் பதில் இருந்த கோப்பை மெஷினில் அவள் இடத்திலிருந்து எடுத்துப் பொது இடத்தில் போட்டார்.

அங்கேதான் சனி பிடித்தது. அந்த மெஷினில் ஆளுக்கோர் இடம் உண்டு. அதில் வைத்தது அந்த ஆளுக்கு மட்டும். பொது இடத்தில் வைத்தாலோ, தனக்கென்று எதுவும் எழுதி வைக்காத அத்தனை பேருக்கும் அதுதான் சட்டம். அதிலேயே ஊறிய மனிதர்... துக்கம் கண்ணை மறைத்துவிட்டது.

விசிறி இரைந்தது. எங்கிருந்தோ சேற்று வாடை. வாசல் பக்கம் "சளக்"... திரும்பினார். யாருமில்லை.

திரையில் பதில்கள் போக ஆரம்பித்தன. காசாளர் பெயரில். மேலாளர் பெயரில். எல்லாவற்றிலும் தங்கையின் அதே வரி. அப்புறம் அவர் பெயரிலேயே ஒன்று... அவர் மனைவிக்கு. "எப்ப வருவீங்க?" என்று அவள் கேட்டிருந்தாள்.

பதறிப்போய் அந்தக் கோப்பைப் பொது இடத்திலிருந்து எடுத்தார். போனது போனதுதான். அவர் வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் மட்டும். பயமென்றால் அப்படியொரு பயம். போன் போட்டார்.

"கதவச் சாத்து! யாரையும் உள்ள விடாத!"

அந்தப் பக்கம் மெதுவாக, மனைவியின் குரல்.

"பாப்பாவத் தூங்க வைக்கத் தூக்கிட்டு இப்பத்தானே உள்ள போனீங்க... இது யாரு பேசறது?"