சட்டை பொய் சொல்லாது

—ஊர்ல இருக்கறவங்களுக்கெல்லாம் அளவு எடுக்கறீங்க. கட்டின பொண்டாட்டி கேட்டா மட்டும் டேப்பு காணாமப் போயிடுது.

—காணாமப் போகல பட்டன். கழுத்துலதான் தொங்குது.

—அப்போ எடுங்க மாஸ்டர். இதோ, கையைத் தூக்கிட்டேன். மார்பு, இடுப்பு, ரெண்டே ரெண்டு. சொல்லிட்டு உங்க வேலையைப் பாருங்க.

—இந்தப் பேன்ட்டை முடிக்கணும். சாயங்காலம் ஆள் வந்து வாசல்ல நிப்பான்.

—நேத்து கோட்டு. முந்தாநேத்து கரண்ட் இல்ல. இன்னிக்குப் பேன்ட்டு. ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுலேர்ந்து என்னை ஒரு தடவைகூட அளந்து பாக்கல நீங்க.

—டாக்டர்தான் சொன்னாரே, சும்மா சும்மா பாத்துக்கிட்டு இருக்காதீங்கன்னு.

—அவர் எடை மெஷினைச் சொன்னார். அதையும் தூக்கி உங்க தங்கச்சி வீட்ல வச்சுட்டீங்க.

—பின்னே? பல்லு தேய்க்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை, தேய்ச்ச பின்னாடி ஒரு தடவை ஏறி நின்னா? பல்லுல இருந்த அழுக்கு எவ்வளவு கனம்னு பாத்தியா?

—சிரிப்பு வரல மாஸ்டர்.

—முன்னெல்லாம் வரும்.

—முன்னெல்லாம் வயிறு முழுசா இருந்துச்சு.

—சரி, உக்காரு. நின்ன எடத்துலயே ஆடறே.

—ஆடல. ஃபேன் காத்து.

—ஃபேனை நீதானே குளிருதுன்னு நிறுத்தச் சொன்னே? இஸ்திரிப் பெட்டிக்குப் பக்கத்துல நின்னுக்கிட்டு யாருக்காவது குளிருமா?

—பேச்சை மாத்தாதீங்க. இதைப் பாருங்க. ஆஸ்பத்திரில எனக்கு எதிர்ல படுத்திருந்தாங்களே, எதிர்க்கட்டில் அக்கா, போட்டோ அனுப்பியிருக்காங்க. எனக்கும் அவங்களுக்கும் ஒரே நாள்லதான் வயித்தைச் சுருக்கினாங்க. பழைய பேன்ட்டோட ஒரு கால்லயே ரெண்டு காலையும் விட்டுக்கிட்டு நிக்கறாங்க, பாருங்க.

—அவங்க உருவம் என்ன, உன் உருவம் என்ன? அவங்க கட்டில்ல புரண்டா வார்டே திரும்பிப் பாக்கும். உனக்கு சர்க்கரைக்காகத்தானே பண்ணினாங்க. டாக்டர் பேப்பர்ல கோடு போட்டே காட்டினாரே. நீங்க ரொம்ப குண்டு இல்ல, அவங்க அளவுக்குக் கிலோ இறங்காது, கொஞ்சம் இறங்கும், சீக்கிரமே நின்னுடும், நின்னா பயப்படாதீங்கன்னு.

—கொஞ்சம்னா அந்தக் கொஞ்சமாவது இறங்கணும்ல? எனக்கு இறங்கவே இல்லையே. எடை நின்னா சர்க்கரையும் திரும்பி வரும். அப்பாவுக்கு எடுத்த மாதிரி எனக்கும் காலை எடுப்பாங்க. அதுதான் நடக்கப்போகுது.

—யாரு சொன்னா இறங்கலைன்னு?

—சட்டை சொல்லுது.

—சட்டை என்ன பெரிய டாக்டரா?

—கண்ணாடில பாத்தா நான் எப்பவும் குண்டுதான். கடைக்கு வர்றவங்க, மெலிஞ்சுட்டீங்களேன்னு வாய் கூசாமச் சொல்லிட்டுப் போவாங்க. சட்டை பொய் சொல்லாது மாஸ்டர். நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க, நான் இங்க பட்டன் தைக்க வந்த புதுசுல.

—எதையாவது சொல்லியிருப்பேன். மனசுக்குப் புடிச்ச பொண்ணு எதிர்ல உக்காந்து பட்டன் தைச்சா மனுஷன் என்னதான் பேசமாட்டான்.

—ஆபரேஷனுக்கு முன்னாடி நீங்க தைச்ச சட்டை இது. நடுவுல கொஞ்சம் லூஸ் ஆன மாதிரி இருந்துச்சு, அதுவும் போச்சு. இப்போ பாருங்க, அன்னிக்கு எப்படிப் புடிச்சுதோ அப்படியே சிக்குனு புடிக்குது.

—அப்போ செக்கப்புக்குப் போயிடுவோம். அவங்களே பாத்துச் சொல்லட்டும்.

—போகமாட்டேன். அங்க பத்தியம் எழுதித் தர்ற சாப்பாட்டு மேடம் மூக்குக்கண்ணாடிக்கு மேல பாப்பாங்க, ஒளிஞ்சு தின்னுட்டு வந்திருக்காளோன்னு. போன தடவை போகலைன்னு சொன்னப்போ நீங்களும்தானே உடனே சரின்னீங்க? கொஞ்சம்கூட வற்புறுத்தல.

—வற்புறுத்தல, உண்மைதான்.

—ஏன்?

—பயமா இருந்துச்சு.

—உங்களுக்கென்ன பயம்? வெட்டினது என் வயித்தை.

—விடு. நூலைக் கோத்துக் குடு, வேலை நடக்கட்டும்.

—நீங்களே கோத்துக்கோங்க. ஊசி ஓட்டை தெரியல எனக்கு. கை நடுங்குது, ரெண்டு நாளா.

—ரெண்டு நாளாவா? ஏன் சொல்லல?

—சொன்னா மட்டும் என்ன பண்ணப்போறீங்க? நான் ஒரு முடிவு பண்ணிட்டேன் மாஸ்டர். திரும்பவும் ஆபரேஷன் பண்ணச் சொல்லிக் கேக்கப்போறேன். இன்னும் கொஞ்சம் சுருக்கச் சொல்லி. சில பேருக்கு ரெண்டாவது தடவை பண்றாங்களாம், எதிர்க்கட்டில் அக்கா சொன்னாங்க.

—வாயை மூடு பட்டன்!

—கத்தாதீங்க. தெருவுல போறவங்க திரும்பிப் பாக்கறாங்க.

—பாக்கட்டும். இனிமே சுருக்கறதுக்கு உன்கிட்ட என்ன இருக்கு?

—என்ன சொன்னீங்க?

—ஒண்ணுமில்ல.

—இல்ல, இப்போ என்ன சொன்னீங்க? டேப்பைக் குடுங்க.

—வேண்டாம்மா.

—குடுங்கன்னா குடுங்க. கழுத்தோட சேத்து இழுப்பேன்... ம். இடுப்பு... இது என்ன நம்பரு? நான் சரியாத்தான் சுத்தியிருக்கேனா? மாஸ்டர், இது சின்னப் பொண்ணோட அளவு. இந்த இடுப்புக்கு இந்தச் சட்டை எப்படிப் புடிக்கும்? தொங்கணுமே!

—டேப்பு பழசு. இழுத்து இழுத்து...

—இழுத்த டேப்பு நீளும். அதுக்காக அரை இன்ச்சு கம்மியா காட்டும், இவ்வளவா? நானும் இதே கடைலதான் குப்பை கொட்டறேன். கர்ட்டனை இழுத்து விடுங்க, சட்டையைக் கழட்டணும்.

—பட்டன், கேளு...

—உள்பக்கத்தைப் பாக்கணும். இருங்க. இதோ பக்கத் தையல். அதுக்குள்ள ஒரு தையல். அதுக்குள்ள இன்னொண்ணு. வெட்டின மரத்துல வட்டம் வட்டமா இருக்குமே, அந்த மாதிரி. தோளைக்கூட எடுத்து வச்சிருக்கு. யாரு இதை இப்படி உள்ள புடிச்சுத் தைச்சது?

—யாராவது புடிச்சிருப்பாங்க.

—கர்ட்டனுக்கு வெளிய நின்னுக்கிட்டு கதை விடாதீங்க. மேல ஒரு சுருக்கம் தெரியாம இப்படிப் பக்கம் புடிக்கற கை இந்தத் தெருவுல ஒண்ணே ஒண்ணுதான்.

—நான்தான்.

—எப்போ?

—இஸ்திரி போட்டு வைக்கறேன்னு கடைக்கு எடுத்துட்டு வருவேனே, அப்போ. எல்லாச் சட்டையையும்தான்.

—ஏன் மாஸ்டர்?

—குடை வாத்தியார் ஞாபகம் இருக்கா உனக்கு? வெயில்லயும் குடையோட வருவாரே.

—பேன்ட் இடுப்பைப் புடிக்கக் குடுப்பாரே, அவரா?

—அவரேதான். நடக்கறேன், மெலியறேன்னு ஒரே குஷி அவருக்கு. நானும் குஷியாப் புடிச்சுக் குடுத்தேன். அடுத்த மாசம் வந்து இன்னும் கொஞ்சம்னார். அதுக்கடுத்த மாசம் இன்னும் கொஞ்சம். பின்பாக்கெட் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கற வரைக்கும் புடிச்சேன். அப்புறம் அவர் வரல. அவர் மகன் வந்து, தைக்காம இருந்த துணியை மட்டும் வாங்கிட்டுப் போனான்.

—அதுக்கும் எனக்கும் என்ன?

—உன் சட்டை மொதமொதல்ல தொளதொளன்னு ஆனப்போ எனக்கு அந்தப் பின்பாக்கெட்டுதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. நீயும் பாத்துப் பயந்துடுவேன்னு, தெரியாமப் புடிச்சு வச்சேன். சீக்கிரம் நின்னுடும்னு டாக்டர் சொன்னாரே, நின்னதும் சொல்லிடலாம்னு இருந்தேன். அடுத்த வாரம் பாத்தா திரும்பவும் லூஸு. திரும்பவும் புடிச்சேன். இந்த வாரம் நிக்கும், இந்த வாரம் நிக்கும்னு ஒவ்வொரு தடவையும் மெஷின்ல உக்காருவேன். நிக்கவே இல்ல பட்டன். செக்கப்புக்குப் போனா டாக்டர் என்ன சொல்லுவாரோன்னு பயந்துட்டேன். அதான் நீ வரலைன்னதும் சரின்னுட்டேன்.

—அப்போ நான் இறங்கிக்கிட்டேதான் இருந்திருக்கேன்.

—ஆமா.

—இவ்வளவு நாளும்.

—ஆமாம்மா. திட்டு. அந்தக் கத்தரியைத் தூக்கி என் மேல எறி. இப்படிச் சும்மா இருக்காதே.

—மாஸ்டர்...

—சொல்லு.

—சட்டையைப் போட்டு விடுங்க. கையைத் தூக்க முடியல. கண்ணு இருட்டுது.

—பட்டன்! மேசையைப் புடிச்சுக்கோ. இல்ல, வேண்டாம், என் மேல சாய். அப்படியே கீழ உக்காரு. இந்தத் துணி மூட்டைல தலையை வை. கண்ணை மூடாதே, என்னைப் பாரு. என்னைப் பாருன்னு சொல்றேன்ல!

—பாக்கறேன். கத்தாதீங்க.

—ஹலோ, வயித்து ஆபரேஷன் வார்டா? சிஸ்டர், என் சம்சாரம் சுருண்டு விழுந்துட்டா சிஸ்டர்.

—பதறாதீங்க சார். முழிச்சிருக்காங்களா? பேசறாங்களா?

—பேசறா. என்னைக் கத்தாதேங்கறா.

—நல்லது. எங்ககிட்ட எதுக்காக ஆபரேஷன் பண்ணிக்கிட்டாங்க?

—சர்க்கரைக்காக. போன வருஷக் கடைசில. அப்பவே ரொம்ப குண்டெல்லாம் இல்ல. இப்போ என் ஒரு கைல தூக்கி உக்கார வச்சுட்டேன் சிஸ்டர்.

—அவங்களுக்கு இந்நேரம் இறக்கம் நின்னிருக்கணுமே சார். வாந்தி இருக்கா?

—இல்ல சிஸ்டர். நீங்க குடுத்த புரோட்டீன் பவுடரை வேளா வேளைக்கு நானே கலக்கித் தரேன். சூப்பும் நானே வடிகட்டித் தரேன். கப்பு காலியாத்தான் திரும்பி வருது.

—போனை ஸ்பீக்கர்ல போட்டு அவங்க பக்கத்துல வைங்க. அம்மா, கேக்குதா? கப்பு காலியாகுது, சரி. குடிக்கறது யாரு?

—அவர் பக்கத்துல இருக்கார் சிஸ்டர்.

—சும்மா சொல்லுங்கம்மா. திட்டமாட்டேன்.

—வாஷ்பேசின், சிஸ்டர்.

—என்ன சொல்றே பட்டன்? எல்லாத்தையுமா?

—சார், கொஞ்சம் சும்மா இருங்க. எல்லாத்தையுமாம்மா?

—மொதல்ல பாதி. அப்புறம் எல்லாத்தையும். இப்போ தண்ணி மட்டும்தான்.

—எப்போலேர்ந்து? சரியாச் சொல்லணும்மா. எத்தனை நாள் பட்டினின்னு தெரிஞ்சாதான் ட்ரிப்ல எதை மொதல்ல ஏத்தறதுன்னு டாக்டர் முடிவு பண்ணுவார். தப்பா ஏத்தினா உயிருக்கே ஆபத்து.

—தேதி ஞாபகம் இல்ல சிஸ்டர். நல்லாத்தான் குடிச்சுக்கிட்டு இருந்தேன். சட்டை கொஞ்சம் கொஞ்சமா லூஸ் ஆச்சு, டாக்டர் சொன்ன மாதிரியே. எவ்வளவு சந்தோஷமா இருந்தேன் தெரியுமா? ஒரு நாள் காலைல எடுத்துப் போடறேன், இறுக்கிப் புடிக்குது. போன எடையெல்லாம் ஒரே ராத்திரில திரும்பி வந்துடுச்சுன்னு நினைச்சேன். அன்னிக்குக் கொட்ட ஆரம்பிச்சேன். எவ்வளவு கொட்டியும் அது லூஸே ஆகல. ஆகல ஆகலைன்னு இன்னும் கொட்டினேன்.

—சரிம்மா, போதும், பேசாதீங்க. சார், இருக்கீங்களா? உடனே ஒரு வண்டி புடிச்சு எமர்ஜென்சி வாசலுக்குக் கூட்டிட்டு வாங்க. வழில எதுவும் குடுக்காதீங்க. நான் டாக்டருக்குச் சொல்லி வைக்கணும். சட்டை இறுக்கிப் புடிச்ச அந்த நாள் எந்தத் தேதின்னு உங்களுக்காவது தெரியுமா? சார்? லைன்ல இருக்கீங்களா?

—இருக்கேன் சிஸ்டர். தெரியும். அதுக்கு முதல் நாள் சாயங்காலம்தான் நான் முதல் தடவையா அந்தச் சட்டையைப் புடிச்சேன்.