புறமுதுகு காட்டி வெல்வோர்

அலையோசையையும் அவையோசையையும் ஒருங்கே அடக்கியாளும் தலைவர் அவர்களே! கரையில் நின்று எங்கள் படகைத் தள்ளிவிட்ட பெரியோர்களே! தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று தடுத்துவிட்டு, போனபின் தலைதுவட்டத் துண்டோடு வந்து நின்ற தாய்மார்களே! கை காய்த்த என் தோழியரே! முன்வரிசையில் முகம் மறைத்து அமர்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளரே, அதாவது, என் வீட்டுக்காரரே! இந்தச் சுக்கான்காரியின் வணக்கம்.

கைதட்டுகிறீர்கள். அவருக்கா, எனக்கா? சரி, ஆளுக்குப் பாதி.

இன்று வெளியாகும் இச்சிறு நூல், ஸ்பானிய மொழியின் படகோட்டுச் சொற்களை ஆங்கிலத்தில் தருகிறது. எங்களுக்கு வாய்த்த பயிற்சியாளர் அம்மையாருக்கு ஸ்பானிஷ் தவிர வேறு மொழி வராது. துடுப்பு வலிக்கும் நால்வருக்கோ நான்கு தாய்மொழிகள். எல்லோருக்கும் பொதுவாய்க் கிடைத்தது ஆங்கிலம் ஒன்றுதான். அம்மையார் ஊர் திரும்பியபின், சொல்லில்லாத படகு போட்டிக்குப் போவது எப்படி?

"இது என்ன பிரமாதம், நான் பண்ணித் தரேன்" என்றார் ஸ்பானிஷ் படித்த இவர். தண்ணீரைக் கண்டால் காத தூரம் ஓடுகிறவர், சாப்பாட்டு மேசையில் தண்ணீர்க் குவளையைக்கூடத் தள்ளிவைத்துவிட்டு எழுதினார்! சிரிக்காதீர்கள் அத்தை, நீங்கள் வளர்த்த பிள்ளைதான்.

படகின் இடப்பக்கத்துக்கு ஸ்பானிய மொழியில் ‘பாபோர்’ என்றும், ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்றும், யார் எந்தப் பக்கம் பார்த்து அமர்ந்தாலும் மாறாத தனிப்பெயர் உண்டு. "அதெல்லாம் யாருக்குப் புரியும்? சுலபமா ‘லெஃப்ட்’னு போட்டுட்டேன்" என்றார். ‘ஓட விடுங்கள்’ என்றோர் ஆணை உண்டு. அதற்கும் சுருக்கமாய் ‘ஸ்டாப்’ என்று எழுதிவிட்டார்.

பாலத்தடியில் "லெஃப்ட்!" என்று கத்தினேன். சுக்கான் பிடிக்கும் நான் போகும் வழியைப் பார்க்கிறேன். துடுப்பு வலிப்பவர்களோ வழிக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து அமர்ந்திருக்கிறார்கள். என் இடப்பக்கம் அவர்களுக்கு வலப்பக்கம் அல்லவா? இழுக்க வேண்டிய துடுப்புகள் சும்மா இருந்தன. சும்மா இருக்க வேண்டியவை இழுத்தன. படகு தூணில் முட்டியது, ஒரு தோழிக்கு மணிக்கட்டு சுளுக்கிக்கொண்டது.

அன்று மாலை இவர் தாள்களை எல்லாம் மடித்து அலமாரிமேல் போட்டார். "என்னால ஒரு பொண்ணு கையே போயிருக்கும். வேற ஆளப் பாத்துக்கோங்கம்மா" என்றார்.

"வேற ஆள் வேணாம்ங்க. நீங்க வந்து உக்காருங்க."

"எங்க?"

"படகுலதான்."

"எனக்கு நீச்சல் தெரியாதே!"

"மிதவைச் சட்டை இருக்கு. நானும் இருக்கேன்."

விடியலில் போனோம். ஆகா, அது என்ன விடியல்! நீர் எது, வான் எது, நீரில் நெளியும் வான் எது? பனி படகையே விழுங்கியிருந்தது. சுளுக்கிய தோழியின் இருக்கையில் இவர், கண்ணை இறுக மூடிக்கொண்டு. பிறகு மெல்லத் திறந்தார்.

"எனக்குப் பின்னால என்ன இருக்கு?"

"அது எனக்குத் தெரியுது."

"எனக்கு உன் மூஞ்சி மட்டும்தான் தெரியுது."

"அது போதும். துடுப்பப் போடுங்க."

பெரியோர்களே! போர்க்களத்தில் புறமுதுகு காட்டுவது இழிவு. படகிலோ, புறமுதுகு காட்டாமல் ஒரு முழம் நகர முடியுமா? காணாத வழியை ஒருத்தியின் கண்ணிடம் ஒப்படைத்துவிட்டு, கைவலிமை அத்தனையும் கொட்டுவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

பாலம் தாண்டியதும் ‘ஓட விடுங்கள்’ என்ற அந்த ஆணையை, அம்மையார் சொல்லிப் பழக்கிய ஸ்பானிய மொழியிலேயே சொன்னேன். துடுப்புகள் நீரைவிட்டு எழுந்தன. படகு நின்றதா? நிற்கவில்லை! இழுத்த இழுப்பெல்லாம் தன்னுள் வைத்திருந்ததுபோல், தானே தவழ்ந்தது, தானே மிதந்தது, தானே கனவு கண்டது. துடுப்பு நுனியில் நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. இவர் அழுதுகொண்டிருந்தார். "இதுக்குப் போயி ‘ஸ்டாப்’னு எழுதினேனே!" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் தாள்கள் அலமாரியிலிருந்து இறங்கின. ‘லெஃப்ட்’ போய்ப் ‘போர்ட்’ வந்தது. ‘ஸ்டாப்’ போய் ‘லெட் இட் ரன்’ வந்தது. ஈரச் சட்டையோடுதான் எழுதினார், மாற்றச் சொன்னால் கேட்கவில்லை.

நாளை போட்டி. அம்மையார் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார். சுளுக்கு ஆறிய தோழி மீண்டும் தன் இருக்கையில் அமர்வாள். என் வாயிலிருந்து வரப்போகும் ஒவ்வொரு சொல்லும் இவருடையது. அந்தப் பாலத்தடியில் அச்சமின்றிக் கத்துவேன்!

தலைவர் மணியைத் தொடுகிறார். செவி தந்த உங்களுக்கு நன்றி, துணிந்து முதுகு காட்டிய என்னவருக்கு நன்றி. பேச்சை நான் நிறுத்தவில்லை. துடுப்பைத்தான் உயர்த்துகிறேன். இனி அது ஓடட்டும். வணக்கம்!