அடைப்புக்குறிக்குள் போன புரோகிராம்

எனக்கு எழுபத்திரண்டு வயசு. அஞ்சு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நேத்து மயிலாப்பூரில் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள்.

“என் புரோகிராம் சரியான அவசரக்குடுக்கைடி. பாதியிலயே முடிஞ்சுதுன்னு எழுந்து வந்துடுது,” என்றாள் ஜன்னலோரம் இருந்தவள்.

“அது என்ன செய்யணும்?”

“சாஃப்ட்வேருக்கு எழுதின கோடு முழுக்கத் தேடி, திரையில வர்ற வாக்கியத்தை மட்டும் எடுக்கணும். ஜெர்மன்ல மாத்தப் போறாங்க. அடைப்புக்குறிக்குள்ள இன்னொரு அடைப்புக்குறி இருந்தா, உள்ளே இருக்கிறது மூடினதுமே நின்னுடுது. மீதி வாக்கியம் விட்டுப்போகுது. சாயங்காலத்துக்குள்ள சரியாகலைன்னா வேலையை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க.”

“உங்க அத்தைகிட்ட அனுப்பு. கல்யாணக் கதைக்கு நடுவுல சீர்க் கதை, அதுக்கு நடுவுல சண்டைக் கதை. ஒவ்வொண்ணா முடிச்சிட்டுத்தானே கல்யாணத்துக்குத் திரும்புவாங்க.”

ஜன்னலோரம் இருந்தவள் சிரிக்கவில்லை. “அதேதாண்டி. அடைப்புக்குறி திறக்கும்போதெல்லாம் தேடுற விதி தன்னையே திரும்பக் கூப்பிடணும். உள்ளே மூடினதும் விட்ட இடத்துக்கு வரணும்.” உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டாள்.

“சாயங்காலத்துக்குள்ள முடியுமா?”

“மத்தியானமே காட்டிடுவேன்.”

அடையாறில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவளைப் பெத்தவளைப் பார்க்கணும் போலிருந்தது எனக்கு.

நான் சொல்லச் சொல்ல எல்லாத்தையும் எழுதிட்டியா கண்ணு? அந்தப் பொண்ணு பேசினதை மட்டும் திரும்பப் படி, கேட்கிறேன்.