முளைக்காத தொட்டி

"அப்பா, முளைச்சுதா?"

"இன்னும் இல்லம்மா. மலைப்பூவை அவசரப்படுத்த முடியாது."

"உங்களைவிடச் சோம்பேறிப்பா அது."

பனி உருகத் தொடங்கியதும் என் மகள் ராட்கா தினமும் கேட்பாள். நானும் இதையேதான் சொல்வேன். பெஸ்கிடி மலையடியில் எங்கள் வீடு. பின்புறச் சரிவில் கற்களை அடுக்கி மலைப்பூத் தோட்டம் போட்டவள் என் மனைவி லிபூஷே. அவள் இறப்பதற்கு முன், ஒரு தொட்டியில் ஜென்ஷியன் என்ற நீல மலைப்பூவின் விதைகளைத் தூவி, மேலே பொடிக்கல் பரப்பி, வெளியே வைத்தாள். பனியில் கிடந்தால்தான் அவை முளைக்கும். எல்லாம் ஒரே சமயத்தில் முளைக்காது. இந்த வருடம் சில, அடுத்த வருடம் சில என்று வரும்.

"அம்மா போட்டது பூக்கட்டும். அப்புறம் வர்றேன்," என்று ராட்கா வோய்டாவிடம் சொல்லியிருந்தாள். அவளைக் கட்டிக்கொள்ள இருந்தவன். எல்லை தாண்டி, தொலைவில் கிராட்ஸ் நகரில் வேலை. நல்ல பையன்தான். வரும்போதெல்லாம் தொட்டியைக் குனிந்து பார்ப்பான்.

"மாமா, இதுக்கு ஏதாவது லஞ்சம் கொடுத்துப் பார்க்கலாமா?"

நான் சிரித்துக்கொண்டே அவன் தேநீரில் கொஞ்சம் ரம் ஊற்றுவேன்.

பொடிக்கல்லை விலக்கிக்கொண்டு வரும் முளை அரிசியைவிடச் சிறியது. அதைப் பிடிக்க லிபூஷேயின் சாமணம் மிக வசதி. ராட்கா எழுவதற்குள் வேரோடு எடுத்துவிட்டு, கல்லைப் பழையபடி நிரவிவிடுவேன். பிறகு உள்ளே போய், அவளுக்குப் பிடித்த கசகசா ரொட்டியைச் சூடாக்கி வைப்பேன்.

அவள் நன்மைக்காகத்தான் செய்தேன். வோய்டா நிலையில்லாதவன் என்று எனக்குப் பட்டது. நான்கு வசந்தம் காத்திருந்துவிட்டு, போன இலையுதிர்காலத்தில் அங்கேயே ஒருத்தியைக் கட்டிக்கொண்டான். நான் நினைத்தது சரியாகத்தானே போயிற்று.

அதன் பிறகும் இந்த வருடம் ஏன் எடுத்தேன் என்று நீங்கள் கேட்கலாம். கை பழகிவிட்டது.

நேற்றுக் காலை ராட்கா எனக்குப் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. சாமணத்தின் நுனியில் பச்சை இருந்தது.

"எத்தனை வருஷமாப்பா?"

"முதல் வருஷத்துலேருந்து."

அவள் உள்ளே போய்க் கோட்டை மாட்டிக்கொண்டு, பெட்டியோடு வந்தாள். தொட்டியைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். இப்படி ஒரு நாளுக்கென்று நிறையக் காரணங்கள் வைத்திருந்தேன். ஆனால் அவள் வெளிக்கதவின் தாழ்ப்பாளை நீக்கியபோது, முதல் வசந்தத்திலேயே கேட்டிருக்க வேண்டியது என் வாயில் வந்தது.

"தனியா இருக்க எனக்குப் பயமா இருக்கும்மா. போகாத."