சீட்டில் இல்லாத பூஜ்யம்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் எழுதப்பட்டுள்ளன. வயது முப்பத்து நான்கு. மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுவது என் தொழில். காவலில் இருக்கும் நர்ஸ் என் உடன்பிறந்த அக்கா. யாரும் கூப்பிடாமல் நானாகவே வந்து இதைச் சொல்கிறேன்.

மருந்துப் புட்டியில் ஒட்டும் சீட்டை அச்சடிக்கும் நிரல் நான் எழுதியது. கடந்த திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு, அக்கா வேலை பார்க்கும் மருத்துவமனையின் மருந்தாளுநர் எனக்குப் போன் செய்து, "சீட்டுல பாதிப் பேர்தான் சார் வருது. மிச்சத்த உங்க வீட்டுலயே வச்சுக்கிட்டீங்களா?" என்று கேட்டார். நானும் சிரித்துவிட்டு நிரலைத் திறந்தேன். மருந்தின் அளவுக்கு 00.00 என்ற வடிவம் கொடுத்திருந்ததால், அரை மில்லி 00.50 என்று அச்சாகி, நோயாளியின் பெயருக்கான இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு வடிவத்தை #.## என்று மாற்றினேன். 0 என்று எழுதினால், அங்கே இலக்கம் இல்லாவிட்டாலும் பூஜ்யம் அச்சாகும். # என்று எழுதினால் அந்த இடம் விட்டுப்போகும். அதன் பிறகு 5, 12.5, 2 ஆகிய அளவுகளை அச்சடித்துப் பார்த்தேன். சரியாக வந்தன. ஒன்றுக்குக் குறைந்த அளவு எதையும் அச்சடித்துப் பார்க்கவில்லை. இத்தனூண்டு மாற்றத்துக்கு இது போதும் என்ற மிதப்புதான் காரணம். புள்ளிக்கு முன்னால் ஒரே ஒரு 0-ஐ நான் விட்டுவைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை மதியம், ஏழாம் கட்டிலில் இருந்த எட்டு மாதக் குழந்தைக்கு டாக்டர் அரை மில்லி வலிப்பு மருந்து எழுதியிருந்தார். சீட்டில் .5 என்று அச்சானது. அக்கா ஐந்து மில்லி புகட்டினாள். குழந்தை இன்னும் கண் திறக்கவில்லை.

அன்று மாலை அக்காவைக் காவலில் பார்த்தேன். "ஐஞ்சுன்னுதான்டா இருந்துச்சு. ரெண்டு தடவ பார்த்துட்டுத்தான் குடுத்தேன்" என்றாள். எதையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் அவள். இருந்தும், வேலை அசதியில் புள்ளியைக் கவனிக்காமல் விட்டிருப்பாள் என்றே நினைத்தேன். அப்படி நினைத்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

இன்று காலை அக்காவைப் பார்க்க வந்தபோது இன்ஸ்பெக்டர் மூன்று சீட்டுகளை மேசையில் வரிசையாக வைத்து, அளவுகளை மட்டும் வாசிக்கச் சொன்னார். "ரெண்டு, ஏழு, ஐஞ்சு" என்று வாசித்தேன். அதன் பிறகு அவர் மூன்றாவது சீட்டில் கட்டில் எண்ணை விரலால் தொட்டுக் காட்டினார். ஏழு, அந்தக் குழந்தையின் கட்டில். அளவைச் சுற்றி நான் வரைந்த கட்டத்தின் கோட்டோடு ஒட்டிக்கொண்டு அந்தப் புள்ளி இருந்தது. அங்கேயே இதை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். எண்களை மட்டும் நானே விரல் வைத்து மறுபடி பார்த்தேன். சொன்னது அத்தனையும் உண்மை.

(ஒப்பம்)