பத்துப் பொட்டு

— ஆன்ட்டி, தப்பா நெனச்சுக்காதீங்கோ. இந்த நாலு ஹார்ட் டிஸ்க் மேலயும் செவப்பா கறை இருக்கே, என்ன இது, ரத்தமா?

— ஐயோ, ரத்தம் இல்ல கண்ணு. சந்தனமும் குங்குமமும். ஈரத்துணி போட்டு தேய்தேய்னு தேய்ச்சிட்டேன், போவவே மாட்டேங்குது.

— டிஸ்க்குக்கு யாரு குங்குமம் வெச்சா?

— வேற யாரு, எங்க வூட்டுக்காரரு ஜெயவேலுதான். பொம்மனஹள்ளில மிசின் கம்பெனில முப்பத்திநாலு வருசம் ஃபிட்டரு. ஆயுத பூசை வந்தா அவருக்குக் கை சும்மா இருக்காது. மிக்சி, ஃபேனு, ஸ்கூட்டி, கேஸ் அடுப்பு, ஒண்ணையும் வுடமாட்டாரு. இந்தப் பொட்டிய மட்டும் வுடுவாரா? ஆஃப் பண்ணி, உள்ள கீற நாலு டிஸ்க்கையும் உருவி, தொடச்சி, பொட்டு வெச்சி, மறுபடி சொருவினாரு. நான் பொட்டி மேல ஜெபமாலை போட்டு வெச்சிருந்தேன். ரெண்டு சாமியும் சேந்து கைய விரிச்சிடுச்சி பாரு.

— அங்கிள் எங்க? உங்களோடதானே வந்தார்?

— கீழ ஸ்கூட்டி நிறுத்த எடம் தேடிக்கினு கீறாரு. இந்தத் தொம்மலூர்ல எடம் கெடைக்கறதுக்குள்ள பொழுது போயிடும். அவரு வர்றதுக்குள்ள உண்மைய சொல்லிடு ஸ்ரீவித்யா. நீ நாலாவது கடை. மூணு கடையிலயும் குங்குமத்தப் பாத்து சிரிச்சானுங்க. அது உள்ள எறங்கி எல்லாத்தையும் தின்னுடுச்சி, தூக்கிக் குப்பையில போடுன்னுட்டானுங்க. மொத கடையில பட்ட அவமானத்துலதான் நான் அதத் தேய்ச்சதே.

— ஒரு நிமிஷம். குங்குமத்தால ஒண்ணும் ஆகல ஆன்ட்டி. எங்கப்பாகூட லேப்டாப்புக்கு வைப்பார். இதுல ஒரு டிஸ்க் வயசாகி செத்துடுத்து, அவ்ளோதான். ஏழு வருஷம் ஓடியிருக்கு. இந்தப் பெட்டி உங்களுக்கு ஏது?

— எங்கண்ணன் பையன் டேரிலோடது. கல்யாண வீடியோ எடுப்பான். துபாய் போறப்ப குடுத்துட்டுப் போனான். ‘அத்தே, நாலு டிஸ்க்ல ஒண்ணு போனாலும் மிச்சம் மூணு காப்பாத்தும், நீ கவலயே படாத’ன்னான். அத நம்பி வேற எங்கயும் ஒரு காப்பிகூட எடுக்கல.

— சரி, உள்ள என்னதான் இருக்கு? ஃபாரத்துல ‘குரல்’னு ஒரே வார்த்தை எழுதியிருக்கேள்.

— அவரு குரலு.

— பாட்டா? பாடுவாரா?

— பாட்டா! கழுத கனைச்சாப்ல இருக்கும். பேச்சுக் கொரலுதான் கண்ணு. தொண்டையில புத்துநோயி. கொரல்வளைய எடுத்தாத்தான் ஆளு நிப்பாருன்னுட்டாங்க. அக்டோபர் மாசம் எடுத்துட்டாங்க.

— ஸாரி ஆன்ட்டி. நேக்குத் தெரியாது.

— பேச்சு டாக்டரம்மா ஒருத்தங்க சொன்னாங்க, ஆபரேசனுக்கு முன்னால ஆயிரத்து ஐந்நூறு வாக்கியம் படிச்சிப் பதிவு பண்ணுங்க, அப்புறம் ஃபோன்ல எழுதினா உங்க கொரல்லயே பேசும்னு. பதினோரு நாளு. ஜன்னலுக்கெல்லாம் போர்வை தொங்கவுட்டு, ஃபேன நிறுத்திட்டு, வேர்த்து ஊத்த ஊத்தப் படிச்சாரு. ‘மாடியில் மஞ்சள் பூனை தூங்குகிறது.’ ‘நாளை தபால் வருமா?’ எனக்கு சிரிப்புன்னா சிரிப்பு.

— இப்ப எப்படிப் பேசறார்?

— ஃபோன்லதான். எவனோ ஒருத்தன் கொரலு. கோலார் கேஜிஎஃப்ல இங்கிலீஷ் மீடியம் படிச்ச ஆளு, தமிழ் படிப்பாரு, எழுத வராது. இங்கிலீஷ்ல அடிப்பாரு, அந்தாளு அத செந்தமிழாக்கிப் பேசுவான். வூட்டுக்குள்ள ரேடியோ நியூஸ்காரன் குடியிருக்காப்ல கீது. ‘லூர்துமேரி, உணவு தயாராகிவிட்டதா?’ன்றான். என்னால முடியல. அதான் வர்றப்பவே ஃபோனப் புடுங்கி இந்தப் பையில போட்டுட்டேன்.

— அய்யோ, பாவம் ஆன்ட்டி, அதானே அவருக்கு வாய்!

— பாவம்தான். ஆனா நீ என் பாவத்தக் கேளு. அவரு ஆபரேசன் வேணாம்னாரு. பேசாம உயிரோட கீறதவிட பேசிக்கினே போயிடறேன்னாரு. நாந்தான் வுடல. ‘உன் குரல் எங்கயும் போவாதுய்யா, பொட்டியில பத்திரமா இருக்கும், நான் பாத்துக்கறேன்’னு சத்தியம் பண்ணினேன். அப்பறந்தான் கையெழுத்துப் போட்டாரு. அவரு ஐசியூல கெடக்கறப்ப இந்தப் பொட்டி டீ டீன்னு கத்த ஆரம்பிச்சிடுச்சி. பயந்துபோயி, அந்த மூணு கடைக்கும் முன்னாடியே, தெருமுனை செல்ஃபோன் கடைக்குத் தூக்கிக்கினு ஓடினேன். அவன் நாலையும் உருவிப் போட்டு, இன்னாத்தயோ அமுக்கி, ‘இப்ப புதுசு மாதிரி ஆயிடுச்சு பாருங்க’ன்னான். தொறந்தா காலி.

— ஆமா. புதுசா ஆரம்பின்னு அமுக்கியிருக்கான். அதான் வெனை.

— அன்னிலேர்ந்து அவரு மூஞ்சிய நேராப் பாக்க முடியல கண்ணு. ‘எல்லாம் உன் குங்குமத்தாலதான்’னு அவர் மேலயே பழிய போட்டுக்கினு கீறேன். மனசுக்குள்ள தெரியும், என்னாலதான்னு. நான் பேசி கையெழுத்து வாங்கினேன். இப்ப குரலும் இல்ல.

— ஆன்ட்டி, அழாதீங்கோ. இந்தாங்கோ தண்ணி. நான் முடியாதுன்னு இன்னும் சொல்லலையே! அமுக்கினதுல அழிஞ்சது, எது எங்க இருக்குங்கற அட்டவணை மட்டும்தான். உள்ள இருக்கறது அப்படியே இருக்கு.

— நெசமாவா?

— நெஜமா. இப்படி வெச்சுக்கோங்கோ. ஒரு பெரிய லெட்டர நாலு நோட்டுல பிரிச்சு எழுதியிருக்கு. மொத வரி மொத நோட்டுல, ரெண்டாவது வரி ரெண்டாவது நோட்டுல, அப்படியே சுத்திண்டே போகும். ஒரு நோட்டு தொலைஞ்சாக்கூட மத்த மூணை வெச்சு அதுல என்ன இருந்ததுன்னு கணக்குப் போட்டுடலாம். டேரில் சொன்னது பொய் இல்ல. ஆனா எது மொத நோட்டு, எது ரெண்டாவதுன்னு நேக்குத் தெரியணும். அந்தக் கடைக்காரன் கலைச்சுட்டான்.

— மாத்தி மாத்தி வெச்சிப் பாரேன். நாலுதான கீது?

— உயிரோட இருக்கற மூணுல ஒண்ணு ரொம்ப நோஞ்சான். ரொம்ப நேரம் ஓடினா அதுவும் போயிடும். முழுசா காப்பி எடுக்கவே விடமாட்டேங்கறது. வரிசை மட்டும் தெரிஞ்சா நேரா குரல் இருக்கற எடத்துக்குப் போய் அத மட்டும் அள்ளிண்டு வந்துடலாம். தெரியாம தேடினா, தேடறப்பவே செத்துடும். யோசிச்சுப் பாருங்கோ, எது மேல இருந்தது, எது கீழன்னு?

— எனக்கு எப்படிக் கண்ணு தெரியும்? நாலும் ஒரே மாதிரி கறுப்புச் செங்கல்லு.

— ம்... வாங்கோ அங்கிள், வாங்கோ. உக்காருங்கோ. பார்க்கிங் கெடச்சுதா?

— இன்னா இது, இப்படி மூச்சு வாங்குது? படியில மெதுவா வரக்கூடாதா? கழுத்துத் துணிய சரி பண்ணிக்க. அந்தப் பாப்பா சொல்றத நீயும் கேளு. டிஸ்க்கு எந்த வரிசையில இருந்துச்சின்னு தெரிஞ்சாதான் உன் குரலு வருமாம். அந்தக் கடைக்காரன் கலைச்சிட்டான்.

— ஆன்ட்டி, அங்கிள் என்னமோ வெரலக் காட்டறார். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

— நாலு மணி மாத்திரையக் கேக்கறாரு. இன்னும் நேரம் ஆவலங்க, கொஞ்சம் இரு.

— மாத்திரை இல்லபோல இருக்கு. டிஸ்க்கத்தான் காட்டறார். நெத்தியத் தொடறார்.

— மறுபடியும் பொட்டு! யோவ், பொட்டு கதைய வுடுய்யா. உன் பொட்டாலதான் ஊரே சிரிச்சிச்சி.

— ஆன்ட்டி, ப்ளீஸ். அவர் ஃபோன அவர்கிட்ட குடுங்கோ.

— அந்தச் செந்தமிழ்க்காரன் வேணாம் கண்ணு...

— குடுங்கோன்னா! ஹாங், இந்தாங்கோ அங்கிள். மெதுவா அடிங்கோ. நாங்க இருக்கோம்.

— மதிப்பிற்குரிய பெண்ணே, வணக்கம். அவை வெறும் பொட்டுகள் அல்ல. அவை எண்கள்.

— என்னது?

— நான் முப்பத்து நான்கு வருடங்கள் இயந்திரம் பொருத்துபவர். அடையாளம் வைக்காமல் நான் எந்தப் பாகத்தையும் கழற்றுவதில்லை. முதல் அறையின் தட்டுக்கு ஒரு பொட்டு. இரண்டாம் அறைக்கு இரண்டு. மூன்றுக்கு மூன்று. நான்குக்கு நான்கு.

— அடக் கடவுளே.

— மாதாவே! ஆமா கண்ணு, ஆமா! கம்பெனில எதக் கழட்டினாலும் பஞ்ச் வெச்சி ஒண்ணு தட்டுவாரு, பக்கத்துல கீறதுக்கு ரெண்டு தட்டுவாரு, மறுபடி பூட்டறப்ப மாறிடக்கூடாதுன்னு. கேஜிஎஃப்லேர்ந்து வூட்டக் காலி பண்ணிக்கினு வந்தப்ப எங்க கட்டில் கால் நாலுலயும் இப்படித்தான் அடிச்சாரு. இன்னும் கீது அந்தப் புள்ளி. என் புத்திக்கு எட்டவே இல்லையே!

— அங்கிள், இத ஏன் முன்னாடியே சொல்லல?

— நான் மருத்துவமனையில் இருந்தேன். பிறகு எந்தக் கடைக்கும் என்னை அழைத்துச் செல்லவில்லை. வரிசை என்ற சொல்லை இன்றுதான் முதன்முதலாகக் கேட்கிறேன்.

— நாந்தான் தொட்டுத் தொட்டுத் தேய்ச்சி அழிச்சிட்டேனே! இப்ப இன்னா பண்றது? என் கைய ஒடைக்கணும்.

— ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். குங்குமச் சாயம் லேபிள் பேப்பர்ல நன்னா ஊறியிருக்கு. அந்த லாம்ப இப்படித் திருப்புங்கோ ஆன்ட்டி. இதோ, இது செத்துப்போன டிஸ்க். பாருங்கோ, கறை நடுவுல அழுத்தமா ரெண்டு. தெரியறதா?

— தெரியுது. ரெண்டு.

— அடுத்தது... நாலு. பளிச்னு இருக்கு. இது ஒண்ணே ஒண்ணு, பெருசா. இந்தக் கடைசிதான்... மூணா, அஞ்சா? நன்னா கலைஞ்சிருக்கு.

— அஞ்சு ஏதும்மா, நாலு டிஸ்க்தான? ஒண்ணு, ரெண்டு, நாலு போனா மிச்சம் மூணுதான்!

— கரெக்ட்! மூணு. மொத்தம் பத்துப் பொட்டு. அங்கிள், நீங்க ஜீனியஸ். இப்ப வரிசைப்படி மாட்டறேன். நோஞ்சான் ஒண்ணாம் நம்பர். பயப்படாதீங்கோ, குரல் மட்டும் சின்ன சைஸ்தான். ஆனா மெதுவாத்தான் படிக்க விடணும். ஸ்வல்ப நேரம் ஆகும். கீழ ஹோட்டல்ல காபி நன்னா இருக்கும், போய்ட்டு வாங்கோ.

— நான் எங்கயும் போவல. இங்கயே குந்திக்கினு கீறேன்.

— நானும் செல்ல மாட்டேன்.

— ஏய்யா, நீ அந்தாளு கொரல்ல பேசாத. கையக் குடு, போதும்.

— ஆன்ட்டி. ஆன்ட்டி, எழுந்திருங்கோ.

— ஆங்? தூங்கிட்டனா? இன்னா ஆச்சி? செத்துடுச்சா?

— மணி அஞ்சரை. நோஞ்சான் கடைசி வரைக்கும் ஓடித்து. ஆயிரத்து ஐந்நூறுல ஆயிரத்து நானூத்தி எண்பத்தாறு வந்துடுத்து. மஞ்சள் பூனை இருக்கு. தபால் இருக்கு. உங்க டாக்டரம்மாக்கு இது தாராளம். மூணு எடத்துல காப்பி போட்டுட்டேன், ஆன்ட்டி. மூணு எடத்துல.

— கண்ணு... நீ நல்லா இருப்பே. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல. இன்னாங்க, கேட்டியா? வந்துடுச்சி! உன் குரலு வந்துடுச்சிய்யா! ஏன் நீ அழுவுற? நாந்தான அழுவணும்?

— இன்னொண்ணும் இருக்கு ஆன்ட்டி. தனியா ஒரு ஃபோல்டர். ‘லூர்து’ன்னு பேரு. ஒரே ஒரு ஃபைல். அக்டோபர் பதினாறு, சாயங்காலம் ஆறு மணி.

— அதுக்கு அடுத்த நாள்தான் ஆபரேசன். அன்னிக்கு வாக்கியமெல்லாம் முடிஞ்சிடுச்சே! நான் மாதா கோயில் பூசைக்குப் போயிருந்தேன்.

— தயவுசெய்து அதைத் திறக்க வேண்டாம். அது தனிப்பட்டது.

— பாரேன், வெக்கத்த! கழுத்து வரைக்கும் செவந்துடுச்சி. என் பேரப் போட்டு எனக்குத் தெரியாம ரகசியமா? நீ போடும்மா.

— அங்கிள்? போடட்டுமா? ...சரிங்கறார். தலைய ஆட்டறார். ஸ்பீக்கர்ல போடறேன்.

— இன்னா, ரெக்கார்டு ஆவுதா இது? ஆங், ஆவுது. லூர்து... பொட்டியில குரலு பத்திரமா இருக்கும்னு நீ சொன்னத நம்பித்தான் நான் கையெழுத்துப் போட்டேன்னு நெனச்சிக்கினு கீற இல்ல? அடப் போடி இவளே, பொட்டியாவது ஒண்ணாவது, நாளிக்கே அது ஒடஞ்சாலும் ஒடையட்டும். என் குரலு இல்லன்னாலும் நீ என்னத் திட்டற குரல இன்னும் ஒரு இருவது வருசம் கேட்டுக்கினு இருக்கணும்னுதான்டி போட்டேன்.