மூன்றாம் அத்தியாயத்தில் ஒரு செருமல்

தொண்டைக்கு வெந்நீரைவிட நல்ல சிநேகிதன் கிடையாது. முப்பது வருடமாகக் குரலை வைத்துப் பிழைத்தவன் சொல்கிறேன், நம்பலாம். மற்ற விஷயங்களில் என்னை நம்புவது உங்கள் சாமர்த்தியம்.

ஓர் ஒற்றனைப் பற்றிய நாவல் வரிசை. எழுதியது என் நண்பன். ஒலிநூலாக வாசித்தது நான். மொத்தம் பதினொன்று. அந்த ஒற்றனை முப்பத்தேழு தடவை சுட்டார்கள். குண்டு அவனுக்கு, முனகல் எனக்கு. பாலைவனக் காட்சியில் ஒட்டகத்துக்கும் நானே குரல் கொடுத்தேன். ஒட்டகத்துக்குச் சளி பிடித்திருக்கிறது என்று ஒரு கால்நடை மருத்துவர் கடிதம் போட்டார்.

ஒற்றனின் மேலதிகாரிக்கு மட்டும் ஒரு செருமல் வைத்திருந்தேன். பேசத் தொடங்கும் முன் சின்னதாக ஒன்று. புத்தகத்தில் அது இல்லை, என் சொந்தச் சரக்கு. கேட்பவர்கள் அதைக் கவனித்ததில்லை. ஆனால் ஆள் யாரென்று காது கண்டுகொள்ளும்.

நண்பன் இறந்துபோன பிறகு பன்னிரண்டாவதை யார் எழுதுவது என்ற பேச்சு வந்தது. நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக் காத்திருந்தேன். பதிப்பாளர் கூப்பிட்டது நண்பனின் மகளை. மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். என்னைச் சித்தப்பா என்பாள்.

ஒன்று எழுதட்டும், எடுபட்டால் தொடரட்டும், இல்லையென்றால் வேறு ஆள் என்றார் பதிப்பாளர். வேலையை விட்டுவிட்டு ஒன்றரை வருடம் எழுதினாள். முடித்ததும் கட்டுக் காகிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"சித்தப்பா, துரோகி யாருன்னு கடைசிப் பக்கத்துலதான் தெரியும். மேலதிகாரிதான். மூணாவது அத்தியாயத்துல போன்ல மிரட்டுறதும் அவர்தான். அங்க மட்டும் யாரோ மாதிரி பேசிடுங்க."

"உங்கப்பனுக்கே இது தோணலையே."

"சும்மா ஏத்தி விடாதீங்க."

நல்ல புத்தகம். அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒலிப்பதிவுக் கூண்டு ஓர் அலமாரி அளவு. மூன்றாம் அத்தியாயத்தில் தொலைபேசி ஒலித்தது. அந்த யாரோ பேசுவதற்கு முன் செருமினேன். வயசான தொண்டை, வறண்டுவிட்டது என்றுதான் எனக்கே சொல்லிக்கொண்டேன். வெந்நீர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலிப்பதிவாளர் நிறுத்தினார். "ஐயா, ஒரு செருமல் விழுந்திருக்கு. வெட்டிடவா?"

"இருக்கட்டும்ப்பா. எழுதினவங்களே கேட்டு வாங்கினது."

"அப்ப சரி. இருமச் சொன்னா இருமவும் வேண்டியதுதான்" என்று அடுத்த வரிக்குப் போனார்.

ஒலிநூல் வெளிவந்தது. பதினோரு நாவல் கேட்டுப் பழகிய காதுகள் அங்கேயே ஆளைப் பிடித்துவிட்டன. விமர்சனங்களில் செருமலைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. எப்படியோ முதலிலேயே தெரிந்துவிட்டது, அப்பாவுக்கு இருந்த சாமர்த்தியம் மகளுக்கு இல்லை என்று எழுதினார்கள். தன் எழுத்தைத் தானே கேட்க அவளுக்குக் கூச்சம். அந்த ஒலிநூலைப் போட்டுக் கேட்கவே மாட்டாள். இது எனக்கு முன்பே தெரியும்.

பிறகு ஒருநாள் வந்தாள்.

"எங்கயோ கோட்டை விட்டுட்டேன் சித்தப்பா. நாலு தடவை படிச்சுட்டேன், எந்த வரின்னே தெரியல. உங்க பேரையும் சேத்துக் கெடுத்துட்டேன்."

"விடும்மா" என்றேன். குடிக்க வெந்நீர் கொடுத்தேன்.

மருந்துக்கடைக்கே திரும்பிப் போனாள். அவள் இருந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டதால் இப்போது உள்ளே பெட்டி அடுக்குகிறாள். தொண்டை மாத்திரைக்கு நான் போனால் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வருவாள். எனக்கென்று ஓர் அட்டை தனியாக எடுத்து வைத்திருப்பாள். நான் மாத்திரையைப் பார்த்துக்கொண்டே வாங்கிக்கொள்வேன்.

பதின்மூன்றாவதை என்னை எழுதச் சொன்னார்கள். நாற்பது பக்கம் எழுதினேன். அதில் எல்லோரும் செருமுகிறார்கள்.

அவளிடம் சொல்லிவிடத்தான் போகிறேன். ஒரு வருடமாகக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்க்கிறேன். அது தவறி வந்ததில்லையம்மா, வேண்டுமென்றே செருமினேன், முந்தின நாள் வீட்டில் மூன்று தடவை பழகிக்கொண்டு போனேன். இந்த இடத்தில் குரல் லேசாக உடைய வேண்டும். இன்னும் சரியாக அமையவில்லை. அமைந்த அன்றே போய்ச் சொல்லிவிடுவேன்.